மில்வாக்கி விவாதம்: கருக்கலைப்பு விஷயத்தில் பென்ஸ் பக்கமா, ஹேலி பக்கமா?

கேள்வி:
2023 ஆகஸ்ட் 23இல் நடந்த, அமெரிக்கக் குடியரசுக் கட்சியில் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவங்களோட விவாதத்தை இரண்டு மணி நேரமும் பார்த்தேன். கருவில் இருக்கும் உயிரைக் காக்கணும் என்பதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. 15 வாரத்துக்கு மேல் நாடு முழுக்கத் தடை வேணும்னு டிரம்ப்போட துணை அதிபரா இருந்த மைக் பென்ஸ் சொன்னப்போ மனசு அவர் பக்கம் போயிடுச்சு. அதுக்கு நாடாளுமன்ற மேலவையான செனட்டில் 60 வாக்கு கிடையாதுன்னு முன்னாள் ஐ.நா. தூதர் நிக்கி ஹேலி சொன்னது நழுவுற மாதிரி தெரிஞ்சது. டிரம்ப் வராத இந்த மேடையில் பேசினதை எதை வச்சு எடைபோடுறது?

பதில் 1:
ஹேலி நழுவலைங்க, கணக்கு சொன்னாங்க. செனட்டில் 100 பேர். ஒரு மசோதா மேல விவாதத்தை முடிச்சு வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேணும். 2023இல் குடியரசுக் கட்சிக்கு இருந்தது 49. அந்த 49 பேரும் தடைக்கு ஆதரவுன்னும் சொல்ல முடியாது. மசோதா மேஜைக்கு வந்தால்தானே அதிபர் கையெழுத்துப் போட முடியும்?

வடக்கு டகோட்டா ஆளுநரா இருந்த டக் பர்கம் சொன்னதை இதோட குழப்பிக்காதீங்க. 60 வாக்கு கிடைச்சாலும் கூட்டாட்சி அரசு இதில் தலையிடக் கூடாது, அரசியலமைப்பின் பத்தாவது திருத்தப்படி இது மாநிலங்களோட வேலை என்பது அவர் வாதம். ஹேலி சொல்றது "முடியாது", பர்கம் சொல்றது "கூடாது". ரான் டிசாண்டிஸ் ஃபுளோரிடா ஆளுநரா ஆறு வாரத் தடைக்குக் கையெழுத்துப் போட்டவர். தேசிய அளவில் அதையே செய்வீங்களான்னு கேட்டதுக்கு நேரா பதில் வரலை. நழுவல்னு குறிச்சு வைக்கணும்னா அதைக் குறிச்சு வையுங்க.

பதில் 2:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாக்கு இல்லைன்னு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கி 1973இல் உச்ச நீதிமன்றம் தந்த ரோ தீர்ப்பு 2022இல் விழுந்திருக்காது. 49 வருஷம் விடாம வாதாடினாங்க. பென்ஸ் அந்த வரிசையில் நிக்கிறார், அதை மதிக்கணும்.

ஆனா அந்தத் தீர்ப்பு விழுந்தது மசோதாவால் இல்லை, நீதிபதிகளால். உச்ச நீதிமன்ற நியமனத்துக்கு 2017இலிருந்து செனட்டில் சாதாரணப் பெரும்பான்மை போதும். அதனால் எந்த வாக்குறுதியைக் கேட்டாலும் முதலில் பிரிச்சுப் பாருங்க: அதிபர் தனியா செய்யக் கூடியதா, 51 வாக்கில் முடியுமா, 60 வேணுமா? இந்த விஷயத்தில் பென்ஸோட 15 வாரத்தைவிட அவர் எப்படிப்பட்ட நீதிபதிகளை நியமிப்பார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

பதில் 3:
நாட்டுக் கடன் பற்றின பேச்சையும் இப்படிப் பிரிச்சுப் பார்க்கணும். டிரம்ப் காலத்தில் கடன் 8 லட்சம் கோடி டாலர் ஏறிச்சுன்னு ஹேலி சொன்னது ஏறக்குறைய சரிதான். பழமைவாதிகள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய விஷயம் அது. அதே மூச்சில் டிசாண்டிஸ், செனட்டர் டிம் ஸ்காட், பென்ஸ் மூணு பேரையும் சேர்த்துச் சாடினாங்க. அங்கே கொஞ்சம் கவனம் வேணும். 2020 மார்ச்சில் 2.2 லட்சம் கோடி டாலர் கோவிட் மசோதா செனட்டில் 96–0 என்று நிறைவேறினப்போ ஸ்காட் ஆதரிச்சு வாக்களிச்சார். டிசாண்டிஸ் அப்போ ஆளுநர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிலேயே இல்லை. அவர் மேல குற்றம் சொல்லணும்னா 2013–18இல் பிரதிநிதிகள் சபையில் அவர் போட்ட வாக்குகளைத்தான் எடுக்கணும்.

கை தூக்கச் சொன்ன இடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்க. டிரம்ப் தண்டிக்கப்பட்டு, வேட்பாளராவும் வந்தா ஆதரிப்பீங்களான்னு கேட்டாங்க. டிசாண்டிஸ் முதலில் ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறார், அப்புறம்தான் கை மேலே போகுது. பருவநிலைக் கேள்விக்கு "நாம என்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளா"ன்னு கை தூக்குறதையே மறுத்தவரும் அவர்தான். அந்த உறுதி இந்தக் கேள்வியில் காணோம். அந்த ரெண்டு வினாடி எனக்குப் பெரிய ஏமாற்றம்.

கேள்வி கேட்டவர்:
60 வாக்குக் கணக்கு இப்போ புரியுது. பிடிச்சவருக்கு ஒரு டாலர் கொடுத்திருந்தா அடுத்த மேடைக்கு உதவியிருக்குமா?

பதில் 1:
உதவியிருக்கும். தொகை இல்லை, தலைதான் கணக்கு. 2023 செப்டம்பர் 27 ரீகன் நூலக விவாதத்துக்கு 50,000 தனித்தனி நன்கொடையாளர்கள் வேண்டியிருந்தது, அதில் குறைந்தது 20 மாநிலங்களில் தலா 200 பேர். கருத்துக்கணிப்பில் 3 சதவீதமும் காட்ட வேண்டியிருந்தது. ஒருத்தரே பத்துத் தடவை கொடுத்தாலும் ஒரு தலைதான். முதல் மேடைக்கு வேண்டியிருந்தது 40,000. ஒரு டாலர் கொடுத்தவங்களுக்கு 20 டாலர் பரிசு அட்டை தர்றதா பர்கம் அறிவிச்சது அந்தத் தலைக்கணக்குக்காகத்தான்.