பழைய தேவாலயத்தின் உட்புறச் சீரமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
எங்கள் தேவாலயம் 19-ஆம் நூற்றாண்டில் பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றும் நவசெவ்வியல் பாணியில் கட்டப்பட்டது. உட்சுவர்களில் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்திற்குப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கொரிந்தியத் தூண்களின் (உச்சியில் இலை வேலைப்பாடு கொண்ட கிரேக்கப் பாணித் தூண்கள்) உச்சியிலுள்ள, அகாந்தஸ் என்ற செடியின் இலை வடிவங்கள் பல அடுக்குப் பெயிண்டில் புதைந்து, நரம்பும் விளிம்பும் தெரியாமல் மழுங்கிவிட்டன. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு வெள்ளையடித்துவிடலாம் என்கிறார்கள் சபையார். எனக்கு மனம் ஒப்பவில்லை. முதலில் எதைச் செய்ய வேண்டும்?

மறுமொழி 1:
ஐயா, முதலில் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். இடுப்பளவோடு உதிர்வு நிற்கிறது என்றால் பெரும்பாலும் அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம்தான் (ஈரக்கசிவு) காரணம். சுவரின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கார்னிஸ் ஓரத்திலும் கறை இருந்தால் கூரையையும் மழைநீர்க் குழாய்களையும் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவர், தன்னுள் புகுந்த ஈரத்தை மேற்பரப்பின் வழியே வெளியேற்றிவிடும். அதன்மேல் சிமென்ட் பூச்சோ பிளாஸ்டிக் பெயிண்டோ ஏறிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, அதில் கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையே வெளியே தள்ளிவிடும். தட்டிப் பாருங்கள்: பிடிப்பு விட்ட இடம் பொத்தென்று ஒலிக்கும். அந்த இடங்களை மட்டும் எடுத்துவிட்டு, சுவர் உலர்ந்த பிறகு சுண்ணாம்பாலேயே பூசுங்கள். உலர்வதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டுப் பூசினால் புதுப்பூச்சும் உதிரும்.

மறுமொழி 2:
தூண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெயிண்டை உலர்நிலையில் தேய்க்கவே கூடாது, ஏனெனில் பழைய அடுக்குகளில் ஈய வெள்ளை (ஈயத்தாலான வெள்ளை நிறமி) இருக்க வாய்ப்பு மிகுதி. அந்தத் தூசி நஞ்சு. முதலில் பூசிய நிறம் எதுவென்று அறிய, மறைவான ஓர் இலையில் விரல்நகம் அளவு இடத்தை அறுவைக் கத்தியால் அடுக்கடுக்காகத் திறந்து பாருங்கள். டைட்டானியம் வெள்ளை என்ற நிறமி 20-ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்திற்கு வந்தது என்பதால், ஆய்வகச் சோதனையில் அது தென்படும் அடுக்கு நிச்சயமாகக் கட்டியவர்கள் பூசியது அன்று.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பீடத்தின் மேலுள்ள பூ வேலைப்பாட்டில் தங்க நிறம் பச்சையாகிவிட்டது. சில இதழ்களும் உடைந்துள்ளன. புதிதாகச் செய்து பொருத்தலாமா?

மறுமொழி 2:
தங்க ரேக்கு (மிக மெல்லிய தங்கத் தகடு) பச்சையாகாது. ஆகவே அது பிற்காலத்தில் பூசிய வெண்கலப் பொடிப் பெயிண்டாக இருக்கலாம், அதனடியில் உண்மையான ரேக்கு எஞ்சியிருக்கவும் கூடும். இதழ்களைப் பொறுத்தவரை, ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நிற்க வேண்டும் என்கிறது பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறிமுறையான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். அதே பூவில் முழு இதழ் ஒன்று எஞ்சியிருந்தால் அதிலிருந்து அச்செடுத்து வார்க்கலாம். ஒன்றுமே இல்லையென்றால், உடைந்த விளிம்பு மேலும் உதிராதபடி உறுதிப்படுத்தி, அப்படியே விட்டுவிடுங்கள்.