14 மாதப் பையன், நாள் முழுக்கப் பால்தான்: மூளை வளர்ச்சிக்குப் போதுமா?

குட்டிப்பையன்_அம்மா:
என் மகனுக்கு 14 மாதம். சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்கிறான், ஆனால் பசும்பால் மட்டும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குடித்துவிடுகிறான். ஆள் கொழுகொழுவென்றுதான் இருக்கிறான், எடையிலும் குறையில்லை. பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்கிறார் மாமியார். தோழி ஒருத்தி மூளை வளர்ச்சிக்கென்றே ஒரு பவுடர் இருக்கிறது, வாங்கு என்கிறாள். இரண்டு வயதுக்குள் மூளை முக்கால்வாசி வளர்ந்துவிடும் என்று வேறு படித்துத் தொலைத்தேன், அதிலிருந்து தூக்கமே போச்சு. பவுடர் வாங்கலாமா?

மூணு_பிள்ளை_அப்பா:
பவுடரை விடுங்கள், எனக்கு அந்த ஒரு லிட்டர்தான் உறுத்துகிறது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் சரியாகச் சேரவிடாது, போதாததற்கு வயிறும் நிரம்பிவிடுவதால் பிள்ளை வேறு எதையும் தொடாது. என் இரண்டாவது பெண்ணுக்கு இப்படித்தான் ஆனது. குண்டாகத்தான் இருந்தாள், ரத்தப் பரிசோதனையில்தான் குட்டு வெளிப்பட்டது. ஒரு வயதுக்கு மேல் பால் நாளுக்கு 500 மில்லியைத் தாண்ட வேண்டாம் என்றார் டாக்டர்.

நள்ளிரவு_நர்ஸ்:
மேலே சொன்னது சரி. பிறக்கும்போது குழந்தை கொண்டுவரும் இரும்பு இருப்பு சுமார் 6 மாதம்தான் தாங்கும், அதன் பிறகு சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை படிவதற்கும், மூளையில் செய்தி கடத்தும் டோபமின் போன்ற ரசாயனங்கள் உருவாவதற்கும் இரும்பு வேண்டும். கிடைக்கிற இரும்பை உடல் முதலில் ரத்தத்துக்குத்தான் ஒதுக்கும், மூளைக்கு மிச்சம்தான். அதனால் ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், உடலில் சேமித்துள்ள இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக இரும்பு டானிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அளவு மீறினால் அது குழந்தைக்கு விஷம்.

முட்டை, மீன், கறி, பருப்பு எது ஒத்துவருமோ அதை மசித்துக் கொடுங்கள். பருப்பு, கீரை என்றால் கூடவே புளிப்பான பழம் ஏதாவது கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும், மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராய்டு ஹார்மோன் உருவாக அயோடின் வேண்டும்.

குட்டிப்பையன்_அம்மா:
அப்போ இவ்வளவு நாள் வீணாகிவிட்டதா? பயமாக இருக்கிறது.

வாத்தியார்_வீடு:
பயப்படாதீர்கள் அம்மா, இரண்டு வயதோடு கதவு மூடிவிடுவதில்லை. ஜமைக்காவில் ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றியிருந்த 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 1991-இல் வெளியானது. சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு விளையாட்டும் பேச்சும், சிலருக்கு இரண்டும், மிச்சப் பேருக்கு எதுவும் இல்லை. இரண்டும் கிடைத்தவர்கள்தான் அதிகம் முன்னேறினார்கள். 20 வருடம் கழித்துப் பார்த்தால், யாரோடு உட்கார்ந்து விளையாடினார்களோ அவர்கள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதனால் ஊட்டும்போது போனைக் காட்டாமல் அவனோடு பேசிக்கொண்டே ஊட்டுங்கள், வாயில் திணிக்காதீர்கள்.

குட்டிப்பையன்_அம்மா:
நேற்று ஒரு புட்டியை நிறுத்தினேன். அரை மணி நேரம் வீட்டையே இரண்டாக்கினான். அப்புறம் என் தட்டிலிருந்து முட்டையை அவனே எடுத்துக்கொண்டான், பாதி வாயில், மீதி தலைமுடியில். ரத்தப் பரிசோதனைக்குத் திங்கட்கிழமை போகிறோம்.