நியூட்ரான் விண்மீன் இரட்டைகளில் புது எக்ஸ்கதிர் எழுச்சி: எந்த ஏற்றத்தை நம்பலாம்?

சூளூர்பேட்டையிலிருந்து:

துணை விண்மீனிலிருந்து பொருளை இழுக்கும் நியூட்ரான் விண்மீன் திடீரென எக்ஸ்கதிரில் பிரகாசமாவதுதான் எழுச்சி. லைட் கர்வில், அதாவது பிரகாசம் நாளுக்கு நாள் மாறுவதைக் காட்டும் வரைபடத்தில், ஒரே ஒரு புள்ளி ஏறியதும் எழுச்சி என்று முடிவுகட்ட வேண்டாம். ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் பேட் கருவி (15–50 கிலோ எலக்ட்ரான் வோல்ட்) நாள் முழுக்கப் பார்த்தாலும் பிழை 5 மில்லிகிராப் அளவில் இருக்கும். கிராப் நெபுலாவின் பிரகாசத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மில்லிகிராப். ஆயிரம் எக்ஸ்கதிர் மூலங்களைத் தினமும் அலசினால், ஒன்றிரண்டு தற்செயலாகவே 3 சிக்மாவை (பிழையின் மூன்று மடங்கை) தாண்டிவிடும். முந்தைய சில மாத அமைதிக்காலச் சராசரியைக் கழியுங்கள். அடுத்தடுத்து மூன்று நாள் மேலேயே நின்றால், விண்வெளி நிலையத்தில் உள்ள எக்ஸ்கதிர்க் கருவியான மேக்ஸியின் தரவைத் திறங்கள். அங்கே 2–4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பட்டை இன்னும் மந்தமாக இருந்தால் கைவிட்டுவிடாதீர்கள். பல எழுச்சிகள் கடின (அதிக ஆற்றல்) எக்ஸ்கதிரில்தான் தொடங்கும்.

தடாவிலிருந்து:

மேக்ஸி எங்கே ஏமாற்றும் என்று சொல்கிறேன் அண்ணா. அது விண்வெளி நிலையத்தோடு சுமார் 92 நிமிடத்துக்கு ஒருமுறை வானத்தைச் சுற்றுகிறது. ஒரு சுற்றில் எகிறி அடுத்த சுற்றில் காணாமல் போனால், மேற்பரப்பில் சேர்ந்த ஹைட்ரஜனும் ஹீலியமும் பற்றிக்கொண்ட முதல்வகை வெடிப்பாக இருக்கலாம். பெரும்பாலும் சில பத்து விநாடிகளில் அடங்கிவிடும். ஆனாலும் அதைக் குறித்து வையுங்கள். கருந்துளைக்கு மேற்பரப்பு கிடையாது, ஆகவே உள்ளே இருப்பது நியூட்ரான் விண்மீன்தான் என்று அந்த ஒரு வெடிப்பே சொல்லிவிடும்.

அடுத்த சிக்கல் நெரிசல். மேக்ஸிக்கு ஒரு மூலம் சுமார் 1.5 பாகை அகலத்துக்குப் பரந்து தெரியும். பால்வழி மையத்துப் பக்கம் அந்த அகலத்துக்குள் பல மூலங்கள் விழும். அக்கம்பக்கத்து லைட் கர்வும் அதே நாளில் ஏறியிருக்கிறதா பாருங்கள். டெர்சான் 5 கோளக்கொத்தில் 2010இல் எழுந்தது விநாடிக்கு 11 முறை துடிக்கும் மூலம், 2012இல் எழுந்தது வேறொன்று. மேக்ஸிக்கு இரண்டும் ஒரே இடம். அங்கே சந்திரா தொலைநோக்கியின் கூர்மை வேண்டும். டிசம்பர் நடுவில் சூரியன் அந்தத் திசையிலேயே நிற்பதால், பல வாரம் ஸ்விஃப்டைத் திருப்பவும் முடியாது.

குப்பத்திலிருந்து:

கண்ணுறு ஒளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019இல் சாக்ஸ் ஜே1808 என்ற நியூட்ரான் விண்மீன் இரட்டை எக்ஸ்கதிரில் எழுவதற்கு 12 நாள் முன்பே கண்ணுறு ஒளியில் பிரகாசமாகத் தொடங்கியது. அது மங்கலானது, சிறு தொலைநோக்கிக்கு எட்டாது. நமக்கு ஏற்றது ஏ0535+26 என்ற இரட்டை. அதன் துணை விண்மீன் சுமார் 9ஆம் ஒளியளவு, 8 அங்குலக் கருவியே போதும். சென்சார் நிரம்பாதபடி குறுகிய வெளிப்பாடுகள் எடுத்து, அதே சட்டகத்தில் உள்ள ஒத்த நிற விண்மீனோடு ஒப்பிடுங்கள். சுற்றுக்காலம் 111 நாள். நியூட்ரான் விண்மீனும் துணையும் நெருங்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே தொடங்கிவிடுங்கள். ஒவ்வொரு நெருக்கத்திலும் எழுச்சி வராது, துணை விண்மீனைச் சுற்றியுள்ள வட்டு பெருத்திருக்க வேண்டும். 2020 நவம்பரில் பேட்டில் சுமார் 12 கிராப் வரை போனது. வருத்தம் என்னவென்றால், அது இரவெல்லாம் தெரியும் மாதங்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை மேகம்.

சூளூர்பேட்டையிலிருந்து:

நியூட்ரான் விண்மீன் சுழல்வதால் வரும் துடிப்பைத் தேடும்போது ஒன்று, தம்பி. ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015இல் ஏறிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் லாக்ஸ்பிசி எக்ஸ்கதிர்க் கருவித் தரவானாலும், விண்வெளி நிலையத்தின் நைசர் கருவித் தரவானாலும், ஃபோட்டான் வந்த நேரங்களை முதலில் சூரிய மண்டலத்தின் நிறைமையத்துக்கு மாற்றுங்கள். பிறகு இரட்டையின் சுற்று இயக்கத்தையும் திருத்த வேண்டும். சாக்ஸ் ஜே1808 விநாடிக்கு 401 முறை சுழன்றபடி இரண்டே மணி நேரத்தில் துணையைச் சுற்றுகிறது. திருத்தாமல் நீண்ட தரவை மொத்தமாக ஃபூரியர் செய்தால் (அதாவது அதிர்வெண்களாகப் பிரித்தால்) துடிப்பு பல அதிர்வெண்களில் சிதறி இரைச்சலில் மறைந்துவிடும். சுற்றுப்பாதை தெரியாத புது மூலமென்றால், சில நிமிடத் துண்டுகளாக வெட்டித் தேடுங்கள்.