லாக் நெஸ் ஏரியைச் சுற்றி மௌண்டன் பைக்கில் 4 நாள்: திட்டம் சரியாக இருக்கிறதா?

சேது_ரெடிங் கேட்டது:

வணக்கம். மே மாதக் கடைசியில் வரும் பேங்க் ஹாலிடேயை ஒட்டி லீவு போட்டு, நானும் என் மச்சானும் ஸ்காட்லாந்து போய் லாக் நெஸ் ஏரியை மௌண்டன் பைக்கில் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று இருக்கிறோம். 'லாக் நெஸ் 360' என்கிறார்களே, அந்தப் பாதைதான். இன்வர்னஸில் கிளம்பி இன்வர்னஸிலேயே முடிகிறது, மொத்தம் சுமார் 129 கிலோமீட்டர்.

இரண்டு பேரும் வாரக் கடைசியில் லண்டனுக்குத் தெற்கே உள்ள சர்ரி ஹில்ஸ் குன்றுகளில் ஓட்டுகிறவர்கள். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் பிரச்சினை இல்லை. ஆனால் சுமை கட்டிக்கொண்டு நாள் கணக்கில் ஓட்டிப் பழக்கம் இல்லை. ஏரிக்கரைப் பாதைதானே, இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்கிறான் மச்சான். எனக்கு நான்கு நாள் வேண்டும் என்று தோன்றுகிறது, காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

கேள்விகள்: எத்தனை நாள்? எந்தப் பக்கமாகச் சுற்றுவது? கூடாரமா, அறையா? அவனிடம் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்), என்னிடம் ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும்), அதில் பைகளை எங்கே கட்டுவது? மச்சான் சுத்த சைவம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

வடதிசை_சக்கரம் பதில்:

சேது, நான்கு நாள் என்று நீங்கள் நினைத்ததுதான் சரி, அதற்கான காரணத்தை நான் சொல்கிறேன், மச்சானிடம் காட்டுங்கள்.

இந்தப் பாதையில் கிலோமீட்டரை எண்ணிப் பயன் இல்லை, ஏற்றத்தை எண்ண வேண்டும். லாக் நெஸ் கிடப்பது கிரேட் க்ளென் என்ற நிலப் பிளவின் மேல். பிளவை ஒட்டிப் பனியாறு குடைந்த பள்ளத்தில் நீர் நிறைந்ததுதான் ஏரி. நீளம் சுமார் 37 கிலோமீட்டர், ஆழம் 230 மீட்டர். கரை எவ்வளவு செங்குத்தாக நீருக்குள் இறங்குகிறதோ அதே போலத்தான் நீருக்கு மேலேயும் ஏறுகிறது, கரையோரம் சமதளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மேற்குக் கரையில் இருந்த கொஞ்ச இடத்தையும் ஏ82 சாலை எடுத்துக்கொண்டது. அதனால் நம் பாதை மலைமேல் ஏறித்தான் ஆக வேண்டும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு வெறும் 16 மீட்டர் மேலே. ட்ரம்னட்ராக்கெட், இன்வர்மொரிஸ்டன், ஃபோர்ட் அகஸ்டஸ், டோர்ஸ் என்று நீங்கள் தங்கக்கூடிய ஊர்கள் எல்லாம் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் இருக்கின்றன. அப்ரியாகன் பக்கம் பாதை சுமார் 380 மீட்டர் வரை போகிறது, தென்கரையில் சூயீ என்ற காட்சிமுனையும் கிட்டத்தட்ட அதே உயரம். அதாவது முதல் நாள் ஏறியதை சாயங்காலம் முழுக்க இறங்கித் தீர்த்துவிட்டு, மறுநாள் காலையில் குளிர்ந்த காலோடு முதலில் இருந்து ஏற வேண்டும். சர்ரி ஹில்ஸின் ஏற்றங்கள் சின்னவை, மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை, சைக்கிளில் கூடாரமும் இருக்கும்.

நான் பிரிக்கச் சொல்வது இப்படி. முதல் நாள் இன்வர்னஸிலிருந்து ட்ரம்னட்ராக்கெட், 32 கிலோமீட்டர். இரண்டாம் நாள் அங்கிருந்து ஃபோர்ட் அகஸ்டஸ், சுமார் 35, இதுதான் நான்கில் கடினமான நாள். மூன்றாம் நாள் ஃபாயர்ஸ் வரை 22தான், ஆனால் பெரிய ஏற்றம் அங்கேதான் இருக்கிறது, அருவியும் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். நான்காம் நாள் டோர்ஸ் வழியாக இன்வர்னஸ், 38 சொச்சம்.

திசையும் இதே வரிசையில்தான் இருக்க வேண்டும், வடமேற்குக் கரையில் போய்த் தென்கிழக்குக் கரையில் திரும்புவது. அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். போகும்போது அது எதிர்க்காற்றுதான், ஆனால் அந்தக் கரையில் பாதி வழி ஊசியிலைக் காட்டுக்குள் ஓடுகிறது, மரங்கள் தடுத்துவிடும். ஃபோர்ட் அகஸ்டஸைத் தாண்டி லாக் டார்ஃப் பக்கம் ஏறினால் மரமே இல்லாத பொட்டல், அங்கே காற்று முதுகில் இருக்கும். எதிர்த்திசையில் போனால் பொட்டலில் முகத்தில் அறை வாங்கிக்கொண்டு ஓட்ட வேண்டும்.

ஏ82-வில் மட்டும் சைக்கிளை இறக்காதீர்கள். சுற்றுலாப் பேருந்தும் லாரியும் நெருக்கியடித்துப் போகும் சாலை, வளைவுகளில் ஓரமே கிடையாது. ட்ரம்னட்ராக்கெட்டுக்குள் நுழையும்போது கொஞ்ச தூரம் அதன் ஓரமாகப் போக வேண்டியிருக்கும், அங்கே நடைபாதை உண்டு.

ஃபுல் சஸ்பென்ஷனில் ஃப்ரேமுக்கு நடுவே ஷாக் அப்சார்பர் இருப்பதால் பெரிய பைக்கு இடம் இருக்காது. சீட்டுக்குப் பின்னால் கட்டும் நீளப் பை இன்னும் மோசம், சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது பின் டயர் அதில் உரசும். ஷாக்கில் காற்றைக் கொஞ்சம் கூட்டி, சின்ன சீட் பை, ஹேண்டில்பாரில் கூடாரம், முன் ஃபோர்க்கில் இரண்டு சிறு பை என்று பிரியுங்கள். வீட்டிலேயே சுமையோடு ஒரு படிக்கட்டில் இறக்கிப் பாருங்கள், உரசுகிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். கனமான சாமான்களை மச்சானின் ஹார்ட்டெயிலில் ஏற்றுங்கள், இரண்டு நாள் என்று சொன்னவர் அவர்தானே.

---

கமலா_அபர்டீன் பதில்:

தம்பி, பாதையைப் பற்றி மேலே சொல்லியாயிற்று, நான் தங்குவது பற்றியும் பூச்சி பற்றியும் சொல்கிறேன். இவ்வளவு தூரம் வருகிறவர்கள் இந்த இரண்டில்தான் நொந்து போகிறார்கள்.

ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி திறந்த வெளியில் கூடாரம் போட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியது இல்லை, சைக்கிளில் போகவும் அதே உரிமை உண்டு. இங்கிலாந்தில் இருந்து வருகிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஆனால் பொறுப்போடு நடந்துகொள்ளும்வரைதான் அந்த உரிமை. வீடு, தோட்டம், பயிர் இருக்கும் இடத்தை விட்டு விலகிப் போடுங்கள், ஒரே இடத்தில் நாள் கணக்கில் உட்காராதீர்கள், தீ மூட்டாதீர்கள். மே மாதம் காய்ந்திருக்கும், கரி மண் (பீட், மக்கிய செடிகள் சேர்ந்த மண்) தீப்பிடித்தால் மண்ணுக்கு அடியிலேயே நாள் கணக்கில் எரியும். அடுப்பு மட்டும் போதும்.

என் யோசனை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் இரவு கூடாரம், இரண்டாம் இரவு ஃபோர்ட் அகஸ்டஸில் அறை. துணி காயும், போன் சார்ஜ் ஆகும், கடை இருக்கிறது, மச்சானுக்கு ஒரு சூடான சாப்பாடும் கிடைக்கும். விடுமுறை வாரம் என்பதால் அறையை இப்போதே பதிவு செய்யுங்கள். கூடாரமே வேண்டாம் என்றால் பையை ஊருக்கு ஊர் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, வெறும் சைக்கிளில் மலை ஏறுவது வேறு சுகம்.

அப்புறம் மிட்ஜ். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டிப் பூச்சி, கூட்டமாக வந்து கடிக்கும். மே கடைசியில்தான் தலைகாட்ட ஆரம்பிக்கும், ஜூலை, ஆகஸ்டில்தான் உச்சம், அந்த வகையில் நீங்கள் தேர்ந்த வாரம் நல்ல வாரம். லேசாகக் காற்று அடித்தாலே அதனால் பறக்க முடியாது. அதனால் கூடாரத்தை நீரோரப் பள்ளத்தில் போடாமல் காற்று வரும் மேட்டில் போடுங்கள். தலைக்கு ஒரு வலை வாங்கி வையுங்கள், கைக்குட்டை அளவுதான் இருக்கும். ஓட்டும்போது தொந்தரவு இல்லை, பஞ்சர் ஒட்ட நிற்கும்போது அருமை புரியும்.

மிட்ஜைவிட நான் பயப்படுவது உண்ணிக்குத்தான். பிராக்கன் என்ற பெரணிப் புதருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் காலில் ஏறிவிடும், லைம் நோய் அதனால் வருவது. ராத்திரி படுக்கும் முன் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும், நசுக்காமல் தோலை ஒட்டிப் பிடித்து எடுக்க வேண்டும். சில நாளோ சில வாரமோ கழித்து கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாகப் பரவினால் உடனே டாக்டரிடம் போங்கள்.

தண்ணீருக்கு ஓடைகள் நிறைய, பழுப்பாக இருக்கும், அது கரி மண்ணின் நிறம்தான். ஆனால் மேலே ஆடு மேயும், வடிகட்டாமல் குடிக்க வேண்டாம். ஏரியில் குளிக்க ஆசை வந்தால் டோர்ஸ் ஏரிக்கரை மாதிரியான கூழாங்கல் கரையில் இடுப்பளவு நீரோடு நில்லுங்கள். மே மாதத்தில் அந்த நீர் மூச்சை அடைக்கும் குளிர்.

---

மேட்டுப்பாதை பதில்:

எல்லாம் சரி, ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. ட்ரம்னட்ராக்கெட்டுக்கும் ஃபோர்ட் அகஸ்டஸுக்கும் நடுவே பாதை மேல்வழி, கீழ்வழி என்று இரண்டாகப் பிரியும், இன்வர்மொரிஸ்டனில் இறங்கிய பிறகு மறுபடி பிரியும். சுமை இருக்கிறது கீழ்வழியில் போ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கீழ்வழி காட்டிலாகா வண்டிப்பாதை, அகலம், சுகம், ஆனால் மரத்தைத் தவிர எதுவும் தெரியாது. அவ்வளவு தூரம் ரயிலேறிப் போய் ஏரியைப் பார்க்காமல் வருவதா?

முதல் பிரிவில் கீழே போங்கள், ட்ரம்னட்ராக்கெட்டிலிருந்து கிளம்பியதும் வரும் பன்லாய்ட் தார்ச்சாலை ஏற்றமே தொடையை உருக்கியிருக்கும். இரண்டாவது பிரிவில், வானம் தெளிவாக இருந்தால், மேலே போங்கள். இன்வர்மொரிஸ்டனிலிருந்து ஏறும் வளைவுகளில் கொஞ்சம் தள்ளத்தான் வேண்டும். மரங்கள் முடியும் இடத்தைத் தாண்டியதும் ஏரி முழுக்கக் காலடியில் விரியும். இந்தச் சுற்றிலேயே எனக்குப் பிடித்த இடம் அது. மேகம் இறங்கியிருந்தால் யோசிக்காமல் கீழ்வழி. நடக்கிறவர்களும் வருவார்கள், மணி கட்டிக்கொள்ளுங்கள், குறுகலான இடத்தில் இறங்கி வழிவிடுங்கள்.

ரயில் பற்றி: லண்டன் யூஸ்டனில் இருந்து இன்வர்னஸுக்குக் கலிடோனியன் ஸ்லீப்பர் இரவு ரயில் இருக்கிறது, சனிக்கிழமை இரவு மட்டும் கிடையாது. கிங்ஸ் கிராஸில் இருந்து பகலில் நேரடி ரயில் ஒன்று, ஏறக்குறைய 8 மணி நேரம். இரண்டிலும் சைக்கிளுக்கு இடம் குறைவு, முன்பதிவு கட்டாயம். பகல் ரயிலில் சைக்கிளைச் செங்குத்தாகக் கொக்கியில் மாட்ட வேண்டும், 2.4 அங்குல டயரும் அகல ஹேண்டில்பாரும் சிரமப்பட்டுத்தான் ஏறும். முதலில் சைக்கிளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் உங்களுக்கு டிக்கெட் போடுங்கள். இல்லையென்றால் இன்வர்னஸிலேயே வாடகைக்கு எடுக்கலாம்.

---

சேது_ரெடிங்:

மூவருக்கும் நன்றி. மச்சானிடம் படித்துக் காட்டினேன், நான்கு நாளுக்கு ஒத்துக்கொண்டான். கமலா அக்கா சொன்னபடி முதல் இரவும் மூன்றாம் இரவும் கூடாரம், ஃபோர்ட் அகஸ்டஸில் அறை. இன்னும் இரண்டு சந்தேகம். தென்கரையில் ஃபாயர்ஸுக்கும் டோர்ஸுக்கும் நடுவே ஒரு கணவாய் வருகிறதே, அங்கே சுமையோடு ஓட்ட முடியுமா? அந்தப் பக்கம் கடைகள் குறைவு என்கிறார்கள், சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

---

வடதிசை_சக்கரம் பதில்:

ஃபேர் ஹெயர்ட் லாட்ஸ் பாஸ் என்ற அந்தக் கணவாயில் இன்வர்ஃபாரிகேக் பக்கத்து ஏற்றம் மிகச் செங்குத்து, சுமையோடு ஓட்ட முடியாது, தள்ளத்தான் வேண்டும். நான்காம் நாள் காலில் தெம்பு இருந்தால் ஏறுங்கள், மேலே அமைதியான இடம். மழையோ களைப்போ இருந்தால் இன்வர்ஃபாரிகேக்கிலிருந்து பி852 என்ற ஒற்றைத்தடச் சாலையில் ஏரியை ஒட்டியே டோர்ஸ் போய்விடலாம். எதிர்க்கரை ஏ82 மாதிரி இல்லை, வண்டி குறைவு. ரயில் பிடிக்க வேண்டிய நாள் என்பதால் நான் சாலைக்கே ஓட்டு போடுவேன்.

கடை விஷயத்தில் ஃபோர்ட் அகஸ்டஸில் மூன்றாம் நாளுக்கும் நான்காம் நாள் மதியத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். வழியில் வைட்பிரிட்ஜில் ஒரு ஓட்டல், ஃபாயர்ஸில் அருவிக்கு இறங்கும் இடத்தருகே கடை, அவ்வளவுதான், அதுவும் திறந்திருக்கும் என்று நம்பி வயிற்றைக் காலியாக வைக்காதீர்கள். சைவத்துக்கு எளிய வழி, வீட்டிலிருந்தே புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் சின்ன டப்பாவில் கொண்டுபோவது. கஸ்கஸ் இருந்தால் கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் 5 நிமிடத்தில் வெந்துவிடும், அதில் புளிக்காய்ச்சல் கலந்தால் அரிசி வேக வைக்கிற கேஸ் மிச்சம். கேஸ் குப்பியை இன்வர்னஸில் வாங்குங்கள்.

வைட்பிரிட்ஜில் 1732-இல் ஜெனரல் வேட் கட்டிய ராணுவப் பாலம் இருக்கிறது, நின்று பார்த்துவிட்டுப் போங்கள். அந்தப் பக்கம் போன் சிக்னல் நம்ப முடியாது, அதனால் வரைபடத்தைப் போனில் இறக்கி வைப்பதோடு ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனத்தின் லாண்ட்ரேஞ்சர் வரைபடம் 26, 34 இரண்டு தாளும் பையில் இருக்கட்டும். காட்டில் மரம் வெட்டுகிறபோது பாதையை மூடி மாற்றுவழி போடுவார்கள், கிளம்பும் வாரம் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கடைசியாக பிரேக். சுமையோடு ட்ரம்னட்ராக்கெட்டுக்கும் இன்வர்மொரிஸ்டனுக்கும் இறங்கும் இறக்கத்தில், அதுவும் ஈரத்தில், பேட் கரைந்துவிடும். கிளம்பும் முன் புதிய சின்டர்டு (உலோகத்தூளால் ஆன) பேட் போட்டு சர்ரியில் ஒரு நாள் ஓட்டிப் பதப்படுத்திவிடுங்கள், ஆளுக்கு ஒரு ஜோடி உபரியாகவும் எடுங்கள். உங்கள் மாடலுக்கான பேட் அங்கே கிடைக்கும் என்று எண்ணிப் போக வேண்டாம். டியூப்லெஸ் டயர் என்றாலும் ஆளுக்கு ஒரு டியூப், கியர் ஹேங்கர் (பின் கியரை ஃப்ரேமோடு பிடிக்கும் சின்னத் துண்டு) ஒன்று.