பக்கத்துக் கூண்டில் கூகுள்

இணைய நிறுவனங்கள் திடீரென்று பெருகிச் சரிந்த டாட்காம் காலம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, செல்லப்பிராணிப் பொருட்களை இணையத்தில் விற்ற பெட்ஸ்.காமின் விளம்பரங்களில் வந்த காலுறைப் பொம்மைதான். 2000 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் விளம்பரம், பிப்ரவரியில் பங்கு வெளியீடு, நவம்பரில் மூடுவிழா. கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிப்பதில்லை. அப்போது நான் கலிபோர்னியாவில் ஒரு சிறிய ஸ்டார்ட்அப்பின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி மாணவர்கள் பழைய பாடப்புத்தகங்களைக் கைமாற்றிக்கொள்ளும் தளம் அது.

எங்கள் சர்வர்கள் சான்டா கிளாராவில் எக்ஸோடஸின் தரவு மையத்தில் இருந்தன. கே.பி. சந்திரசேகர், பி.வி. ஜகதீஷ் என்ற இரண்டு இந்தியர்கள் 1994இல் தொடங்கிய நிறுவனம் அது. நள்ளிரவில் ஏதாவது பழுதானால் நான்தான் ஓடுவேன். தரைப் பலகைகளின் துளைகள் வழியே குளிர்காற்று மேலே அடிக்கும். விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். வரிசை வரிசையாகக் கம்பிவலைக் கூண்டுகள், நிறுவனத்துக்கு ஒன்று. பணம் கொழிக்கும் கூண்டில் சன் நிறுவனத்தின் பெரிய சர்வர்கள் பளபளக்கும். கையைச் சுருக்கிச் செலவழிப்பவர்களின் கூண்டில் சாதாரணக் கணினிகளை நெருக்கி அடுக்கியிருப்பார்கள்.

அப்படி நெருக்கி அடுக்கியவர்களில் கூகுளும் ஒன்று. 1999 தொடக்கத்தில் அவர்களுக்கு அங்கே இருந்தது 7 அடிக்கு 4 அடி கூண்டு, அதற்குள் சுமார் 30 கணினிகள். அடுத்த கூண்டு ஈபே. சற்றுத் தள்ளி, அப்போதைய பெரிய தேடுபொறியான ஆல்டாவிஸ்டாவின் பிரம்மாண்டமான கூண்டு. அதே கட்டடத்தில் இன்னொரு தேடுபொறி நிறுவனமான இங்க்டோமியும் இருந்தது. அந்த ஆண்டு என்னைக் கேட்டிருந்தால் ஆல்டாவிஸ்டாதான் நிலைக்கும் என்று சொல்லியிருப்பேன்; எங்களில் யாரும் வேறு மாதிரி சொல்லியிருக்க மாட்டார்கள். இங்க்டோமியை 2003இல் யாஹூ வாங்கிக்கொண்டது. ஆல்டாவிஸ்டா 2013இல் மூடப்பட்டது. வென்றவர் அறிவாளி, தோற்றவர் முட்டாள் என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் ஒரே உழைப்புதான் நடந்தது.

வெப்வேனையும் சொல்ல வேண்டும். மளிகைச் சாமானை இணையத்தில் கேட்டால், நாம் குறித்துக் கொடுத்த அரை மணி நேர இடைவெளிக்குள் வேன் வந்து நிற்கும். பையன் பெட்டிகளைச் சமையலறைவரை கொண்டுவந்து இறக்குவான், டிப்ஸ் நீட்டினால் வாங்க மாட்டான். கிடங்குகளை மிக வேகமாகக் கட்டிக்கொண்டே போனார்கள், அவற்றை நிரப்பும் அளவுக்கு வாடிக்கையாளர்கள் சேரவில்லை. 2001 ஜூலையில் திவால். ஆனால் அங்கே பாடம் படித்த மிக் மவுன்ட்ஸ் பிறகு கிடங்கு ரோபோக்களுக்காகக் கிவா சிஸ்டம்ஸைத் தொடங்கினார், அதை 2012இல் அமேசான் 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த யோசனையில் தவறே இல்லை என்று நான் இன்றும் வாதாடுவேன்.

2000 மார்ச் 10 அன்று, தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீடான நாஸ்டாக் 5,048இல் முடிந்தது. அதன் பிறகு இறக்கம்தான். எங்கள் நிறுவனத்துக்கு அடுத்த தவணை முதலீடு வரவில்லை. வேலையை நம்பியே அமெரிக்காவில் தங்க அனுமதிக்கும் எச்-1பி விசாவில் இருந்தவர்களுக்கு அது இரட்டை இடி. வேலை போனால் 60 நாள் அவகாசம் என்ற விதி 2017இல்தான் வந்தது, அன்று ஒரு நாள்கூடக் கிடையாது. என்னோடு இரவுகளில் கண்விழித்த நல்ல பொறியாளர்கள் காரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ஊர் திரும்பினார்கள். 2001 செப்டம்பரில் எக்ஸோடஸே திவால் மனு கொடுத்தது.

அக்டோபரில், பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் காப்பகமான வேபேக் மெஷின் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் எங்கள் தளத்தைத் தேடினேன். முகப்புப் பக்கம் வந்தது, படங்கள் பாதி இல்லை. தேடல் பெட்டியில் எதைத் தட்டினாலும் பிழைச் செய்திதான். காப்பகத்தின் நிரல்கள் பக்கங்களைத்தான் நகலெடுக்க முடியும், பின்னால் ஓடிய தரவுத்தளத்தைத் தொட முடியாது. புத்தகம் வாங்கிய மாணவர்கள் விற்றவருக்கு எழுதிய நன்றிக் குறிப்புகள் அத்தனையும் அதில்தான் இருந்தன. இரவுதோறும் அதை டேப்பில் பதிந்து வைத்தோம். அந்த டேப்களில் ஒன்றாவது யாரிடமாவது கிடக்கிறதா என்று பழைய சகாக்களிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால், அதைப் படிக்கும் கருவியை எப்பாடுபட்டாவது தேடிப் பிடித்துவிடுவேன்.