கனடா ஸ்காபரோவில ஒரு வாடகை வீட்டில ஒருத்தர் இடையில வெளிக்கிட்டால் காஸ், ஹைட்ரோ (கரண்ட்) பில்லை எப்பிடிப் பிரிக்கிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்தால வந்த மூண்டு பெடியள், லீஸ் (வாடகை ஒப்பந்தம்) ஓகஸ்ட் வரைக்கும். ஒருத்தர் ஜனவரி 20 போறார். "இல்லாத நாளுக்கு நான் ஏன் கட்டவேணும்?" எண்டுறார். ஹைட்ரோவும் அவற்ற பேரிலதான்.

பதில்: தம்பி, ஊரில கிணத்துத் தண்ணி, சிலிண்டர் காஸ். கரண்டுக்கு மீற்றர் வாசிக்க வாறவர் பில்லைக் கையில தந்திட்டுப் போவார். இங்க வீட்டுச் சூடே காஸில ஓடுது, அதால ஜனவரிப் பில்லும் ஜூலைப் பில்லும் மலையும் மடுவும். வருசக் கூட்டுத்தொகையை மாதத்தால பிரிச்சுக் கணக்குப் பாத்தா ஆரோ ஒருத்தருக்கு நட்டம்.

பில்லை ரெண்டாப் பிரியுங்கோ. ஆள் இருந்தாலும் இல்லாட்டிலும் வாறது ஒண்டு: மாதக் கட்டணம், சுடுதண்ணித் தாங்கி வாடகை, இன்ரநெற். மற்றது பாவிச்ச அளவுக்கு வாறது. பாவிச்சதை அவர் போற நாளோட நிப்பாட்டுங்கோ. நிலையான காசில மூண்டில ஒரு பங்கை லீஸ் முடியுமட்டும், இல்லாட்டி அவற்ற இடத்துக்கு வேற ஆள் வருமட்டும் அவர் கட்டுறதுதான் நியாயம். சட்டம் இப்பிடிப் பிரிக்கச் சொல்லி இல்லை, நீங்கள் மூண்டு பேரும் ஒத்துக்கொண்டு எழுதவேண்டிய விசயம்.

உதாரணத்துக்கு, காஸ் பில் 180 டொலர். அதில நிலையானது 60, பாவிச்சது 120. மொத்தம் ஓடினது 200 கன மீற்றர், அவர் போற நாள்வரை 110. அப்ப அதுவரைக்கும் பாவிச்சதுக்கு 66 டொலர், ஆளுக்கு 22. நிலையானது ஆளுக்கு 20. அவர் தரவேண்டியது 42, மற்ற ரெண்டு பேரும் 69 படி.

இன்னொரு பதில்: அந்த 110 எங்கயிருந்து வரும் எண்டதுதான் சண்டையே. போற நாள் காலமை வெளிச்சுவரில இருக்கிற காஸ் மீற்றரை இலக்கமும் தொடர் எண்ணும் தெரியப் படமெடுத்து மூண்டு பேருக்கும் அனுப்புங்கோ. பனி மூடியிருந்தால் கையால தட்டிவிட்டிட்டு எடுங்கோ. காஸ் கொம்பனி என்பிறிட்ஜ் பொதுவா ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான் வாசிக்கும், இடையில வாறது மதிப்பீட்டுப் பில். அதை வச்சுக் கணக்கு முடிச்சா அடுத்த பில்லில இடிக்கும். உங்கட வாசிப்பை நீங்களே அவையளுக்குக் குடுக்கலாம்.

மாதாமாதம் ஒரே தொகை கட்டுற திட்டத்தில இருக்கிறியளோ? அப்ப கட்டின காசைப் பாக்காதேங்கோ, ஓடின காஸைப் பாருங்கோ. இலையுதிர்காலத்தில தொடங்கின திட்டமெண்டால், மாசி பங்குனியில போறவர் கட்டினதை விடக் கூடவே எரிச்சிருப்பார்.

பேஸ்மண்ட் எண்டால் பொதுவாத் தனி மீற்றர் இருக்காது, மேல்வீட்டுப் பில்லில 40 வீதம் எண்டமாதிரி இருக்கும். ஆள் குறைஞ்சதெண்டு வீட்டுக்காரர் வீதத்தைத் தானாக் குறைக்கமாட்டார். கேளுங்கோ, சம்மதிச்சால் எழுத்தில வாங்குங்கோ.

ஹைட்ரோவைப் பற்றி: அவர் கணக்கை மூடுற அதே திகதியில உங்களில ஒருத்தர் தன்ர பேரில திறக்கவேணும். புதுக் கணக்குக்கு வைப்புக் காசு கேக்கக்கூடும், அதையும் எண்ணி வையுங்கோ.

இன்னொரு பதில்: கடைசி மாத வாடகையெண்டு வீட்டுக்காரரிட்டைக் குடுத்த காசை பில்லுக்குக் கழிக்கேலாது, ஒன்ராறியோவில அது கடைசி மாத வாடகைக்கு மட்டும்தான். அந்தக் காசில அவற்ற பங்கை, வாற புது ஆள் அவருக்கே குடுக்கட்டும். றூம்மேற்றுக்குள்ள வாற கொடுக்கல் வாங்கலை, வீட்டுக்காரருக்கும் வாடகைக்கு இருக்கிறவைக்கும் இடையில வாற பிணக்கைப் பாக்கிற வாடகைச் சபை விசாரிக்காது, சிறு உரிமை நீதிமன்றம்தான். அதுக்கும் பொதுவா ரெண்டு வருசத்துக்குள்ள போகவேணும். அதால காசை இ-ரான்ஸ்பரில (வங்கிக் கணக்கால இணையத்தில அனுப்புறது) வாங்குங்கோ, குறிப்பில "ஜனவரி காஸ்" எண்டு போடச்சொல்லுங்கோ.

"ஊரில அம்மாட்டைச் சொல்லி உங்கட வீட்டில குடுப்பிக்கிறன்" எண்டு போறவர் சொல்லக்கூடும். ஓமெண்டால் எந்த நாள் றேற் எண்டதை முதலே வட்சப்பில எழுதுங்கோ. கொக்குவிலில ரூபாய் கைமாறின பிறகு, இங்க எத்தினை டொலர் கழிஞ்சதெண்டு பேசத் தொடங்கினா ஊரில ரெண்டு குடும்பமும் இதுக்குள்ள வந்திடும்.