சிவப்பா, பழுப்பா? ஹோம்பேஸ் போன பிறகு சில ஞாபகங்கள்

ஹாரோ வாசி:

சென்ற வாரம் எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி கழன்று விழுந்தது. உடையவில்லை, கீழே துவாய்க் கூடை இருந்தது. ஆனால் சுவரில் இருந்த துளை வாயைப் பிளந்து, திருகாணியை இறுகப் பிடிக்க உள்ளே வைத்திருந்த பிளாஸ்டிக் பிளக்கும் தூளோடு வெளியே வந்துவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு கார்ச் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் எங்கே போவது என்று யோசித்தேன். லண்டனுக்கு வந்த இத்தனை வருடத்தில் அப்படி யோசிக்க வேண்டி வந்ததில்லை. வீட்டு வேலைச் சாமான் விற்ற பெரிய கடையான ஹோம்பேஸ் பக்கம் கால் தானாகப் போகும். இப்போது அது மூடிவிட்டது.

நான் 1990இல் இங்கே வீடு வாங்கினேன். வங்கி வட்டி 15 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்த காலம். கடன் கட்டிய பிறகு கையில் மிஞ்சியது பஸ் காசுதான். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் தச்சு வேலைக்கு ஒருவர், மேசன் வேலைக்கு ஒருவர் என்று தலைமுறையாக ஆட்கள் இருந்தார்கள். அப்பா சுத்தியல் பிடித்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, சாமிப் படத் தட்டை மாட்டுவதற்காக நூறு வருடத்துச் சுவரில் நேராக ஆணி அடித்தேன். ஒரு சோற்றுத் தட்டு அளவுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து என் காலில் விழுந்தது.

அடுத்த நாள் பக்கத்தில் இருந்த டெக்சாஸ் ஹோம்கேருக்குப் போனேன், பிறகு ஹோம்பேஸோடு சேர்ந்த கடை அது. அங்கே வயதான வெள்ளைக்காரர் ஒருவர் வேலை செய்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டு வந்தவர் போல இருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, “சுவரைத் தட்டிப் பார்த்தீர்களா?” என்றார். இல்லை என்றேன். என்னைக் கடைக்குள் இருந்த ஒரு செங்கல் தூணுக்குக் கூட்டிக்கொண்டு போய் விரல் கணுவால் தட்டிக் காட்டினார். பிறகு ஒரு பலகைத் தடுப்பில் தட்டிக் காட்டினார். என்னையும் தட்டச் சொன்னார். இரண்டு வளர்ந்த மனிதர்கள் கடையில் சுவர் தட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒரு சிறுவன் சிரித்தான்.

அதன் பிறகுதான் பிளக் வரிசைக்குப் போனோம். சிவப்பு என்றால் 6 மில்லிமீட்டர்த் துளை, பழுப்பு என்றால் 7. படத் தட்டின் பாரத்துக்குப் பழுப்பு. துளையிடும் அலகில் பிளக்கின் நீளத்தை அளந்து அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டால் சுவருக்குள் அதிகம் போகாது. இதையெல்லாம் கையில் வைத்துக் காட்டினார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். நான் வாங்கிய சாமான் இரண்டு பவுண்டைத் தாண்டவில்லை. அந்தத் தட்டு இன்றும் நிற்கிறது.

என் ஆங்கிலத்தில் பாதி அந்தக் கடையில் படித்தது. சுவரடியில் ஓடும் பலகைக்கு ‘ஸ்கர்ட்டிங்’ என்று பெயர் என்றபோது என் மனைவி பக்கத்தில் நின்றதால் எனக்கு முகம் சிவந்துவிட்டது. பாவாடைக்கும் சுவருக்கும் என்ன தொடர்பு என்று வீட்டுக்கு வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

நீங்களும் எழுதுங்கள். எந்தக் கடை, என்ன வாங்கப் போனீர்கள், யாரைச் சந்தித்தீர்கள்?

குரொய்டன் பழைய மாணவன்:

அண்ணா, ஹோம்பேஸின் முதல் கடை எங்கள் ஊரில்தான், 1981இல், பர்லி வே சாலையில் திறந்தது. நான் அந்தக் கடையில் அல்ல, வேறொரு ஹோம்பேஸ் கிளையில் 1996இல் சனி ஞாயிறு வேலை செய்தேன். அதற்கு முந்திய வருடம்தான் டெக்சாஸை அதன் சொந்தக்காரரான லாட்புரோக் நிறுவனத்திடமிருந்து 29 கோடி பவுண்டுக்கு வாங்கியிருந்தார்கள். உங்கள் கிழவர் போன்ற டெக்சாஸ்காரர்கள் சிலர் எங்கள் கிளைக்கு வந்திருந்தார்கள். பச்சைச் சட்டை போட்டாலும் பேச்சில் ‘எங்கள் பழைய கடையில்’ என்றுதான் தொடங்குவார்கள்.

எனக்கு ஒரு திருகாணியின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனால் தமிழ் ஐயாமார் என் முகத்தைப் பார்த்ததும் நேராக என்னிடம் வந்துவிடுவார்கள். ஒருமுறை ஒருவர் கழிப்பறைத் தொட்டியின் உள்ளுறுப்பைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து, “தம்பி, இரவு முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, நித்திரை இல்லை” என்றார். முன்பு காஸ் இணைப்பு வேலை பார்த்த ஒரு சக ஊழியரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போய் நான் மொழிபெயர்த்தேன். மிதவைப் பந்து என்று சொல்ல எனக்கு வாயில் வரவில்லை. “பந்து இருக்கிறதா ஐயா, அது மேலே வருகிறதா?” என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் அந்த ஊழியர் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, பந்தை அதற்குள் அமுக்கினார். ஒரு பக்கத்தால் குமிழி வந்தது. பந்தில் வெடிப்பு. இரண்டு மொழியும் தேவைப்படவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஹோம்பேஸை இணையம் கொன்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்பே அந்தக் கடை எத்தனை கை மாறியது என்று பாருங்கள். அதை நடத்திய செயின்ஸ்பரி 2000இல் விற்றது. 2002இல் ஆர்கோஸ் கடைகளின் சொந்தக்காரரான ஜியூஎஸ் வாங்கியது. 2006இல் ஆர்கோஸோடு சேர்த்துத் தனிக் குழுமமாக்கினார்கள். 2016இல் ஆஸ்திரேலியாக்காரர்கள். வாடகைக்கு விட்ட வீடு மாதிரி, ஒவ்வொருவரும் வந்து பெயின்ட் அடித்தார்கள். கூரையை யார் பார்த்தது?

செயின்ட் ஆல்பன்ஸ் அக்கா:

ஆஸ்திரேலியாக்காரர்கள் பெயின்ட் அடித்ததை நான் கிட்ட நின்று பார்த்தேன். அவர்களுடைய வெஸ்ஃபார்மர்ஸ் நிறுவனம் 34 கோடி பவுண்டுக்கு ஹோம்பேஸை வாங்கி, தங்கள் பன்னிங்ஸ் பெயரில் முதல் கடையை 2017 தொடக்கத்தில் எங்கள் ஊரில்தான் திறந்தது. வாசலில் தொத்திறைச்சி சுட்டுப் பாணில் வைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் ஊரில் அது பெரிய வழக்கமாம். நான் மரக்கறிக்காரி. வாசனையைக் கடந்து உள்ளே போனேன்.

பழைய கடையில் நான் போவது லாரா ஆஷ்லி மூலைக்கு. யன்னல் சீலை, மெத்தை உறை, சுவர்த்தாள். இவர் துளையிடும் கருவிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார், நான் சீலை பார்ப்பேன், பிள்ளைகள் செடி வரிசையில் ஓடுவார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு மணி நேரம் நன்றாகப் போகும். புதியவர்கள், கடைக்குள் கடையாக இருந்த லாரா ஆஷ்லி, ஹாபிடாட், ஆர்கோஸ் மூன்றையும் வெளியே அனுப்பினார்கள். மேலிடத்து நிர்வாகிகளையும் அனுப்பினார்கள். கூரை வரை கருவிகளும் மரப் பலகைகளும். இவருக்குச் சந்தோஷம்தான். எனக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. நான் வராவிட்டால் இவரும் வரமாட்டார், காரை ஓட்டுவது நான்.

2018இல் முழு நிறுவனத்தையும் ஒரு பவுண்டுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். எழுத்துப் பிழை இல்லை, ஒரு பவுண்டு. அந்த வருடமே 42 கடைகளை மூடுவதாக அறிவிப்பு வந்தது.

2020இல் ஊரே முடங்கியபோது இந்த மாதிரிக் கடைகள் திறந்திருக்க அனுமதி இருந்தது நினைவிருக்கிறதா? இரண்டு மீட்டர் இடைவெளி விட்டுக் கார் நிறுத்துமிடத்தில் வரிசையில் நின்றோம், வேலிக்குப் பூசும் எண்ணெய் வாங்க. பக்கத்து வீட்டுக்காரர்களை முதன்முதலாக நன்றாகப் பார்த்ததே அந்த வரிசையில்தான். எங்கள் வேலிக்கு அந்த வருடம் மூன்று முறை பூசினார். நான்காவது முறைக்கு வேலி சம்மதிக்கவில்லை.

குழாய்க்காரன்:

எல்லோரும் அழுகிறீர்கள். நான் அழமாட்டேன். இருபது வருடமாக பிளம்பர் வேலை செய்கிறேன். ஒரு அரை அங்குல இணைப்புக்காக ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய கடைகளில் கார் நிறுத்த இடம் தேடி, பூச்சட்டி தள்ளிக்கொண்டு நிற்பவர்களின் பின்னால் வரிசையில் நின்றவனுக்குத்தான் தெரியும். இப்போது ஸ்குரூஃபிக்ஸ் என்ற கடையில் தொலைபேசியில் பதிந்துவிட்டுப் போனால், வண்டியை அணைப்பதற்குள் பை வந்துவிடும். அதுவும் ஹோம்பேஸ் மாதிரிப் பெரிய கடையான பி அண்ட் கியூவும் ஒரே குழுமம்தான், கிங்ஃபிஷர். கடை சாகவில்லை. இடம் மாறியது, வாடிக்கையாளரும் மாறிவிட்டார்.

எம்எஃப்ஐ கதை தெரியுமா? குசினி அலுமாரிகளைச் சனங்களுக்கு விற்ற கடை. அதே நிறுவனம் 1995இல் ஹௌடென்ஸ் என்று இன்னொன்றைத் தொடங்கியது. அது கட்டட வேலைக்காரர்களுக்கு மட்டும் விற்கும். 2006இல் சனங்களுக்கு விற்ற பகுதியை ஒரு பவுண்டுக்குக் கைகழுவினார்கள். 2008இல் அது மூடியது. ஹௌடென்ஸ் இன்றும் நன்றாக ஓடுகிறது. அதே குசினி, அதே அலுமாரி. முன்னது தானே பொருத்துகிறவருக்கு விற்றது, பின்னது பொருத்திக் கொடுக்கிறவருக்கு விற்கிறது.

ஃபோகஸ் என்ற இன்னொரு வீட்டு வேலைச் சாமான் கடையையும் 2007இல் ஒரு பவுண்டுக்குத்தான் விற்றார்கள். 2011இல் காலி. எம்எஃப்ஐ, ஃபோகஸ், ஹோம்பேஸ். மூன்று பவுண்டுக்கு ஒரு நாட்டின் பாதிக் கடைகளை வாங்கியிருக்கலாம். ஒரு பெட்டி நல்ல திருகாணி அதற்குக் கிடைக்காது.

மின்சார வேலைக்கு 2005இலிருந்து சட்டம் வேறு வந்தது. பெரிய வேலை என்றால் தகுதி பெற்றவர் செய்ய வேண்டும், அல்லது உள்ளூராட்சிக்கு அறிவிக்க வேண்டும். அது சரியான சட்டம்தான். சில வீடுகளில் நான் பார்த்த வயர்களைச் சொன்னால் நித்திரை வராது.

அண்ணா கோபிக்க வேண்டாம். தானே செய்து பழுதாக்குகிறவர்கள் இருந்தபோதுதான் எனக்கும் நல்ல வருமானம்.

வாடகை வீட்டுப் பெண்:

எனக்கு 29 வயது. ஐந்தாவது வாடகை வீடு. ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி, துளை கூடாது என்று எழுதியிருக்கிறது. எல்லாச் சுவரும் மக்னோலியா என்கிற மங்கல் வெள்ளை நிறம். படங்களை ஒட்டுப் பட்டையில் தொங்கவிட்டிருக்கிறேன், கோடையில் ஒவ்வொன்றாக விழும். நீங்கள் எல்லாம் தட்டிப் பார்த்த சுவரைப் பற்றிப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. பழுப்பு பிளக் என்றால் என்னவென்று இப்போதுதான் தேடிப் பார்த்தேன்.

ஈஸ்ட் ஹாம் பெரியவர்:

நீங்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே இருந்த கொட்டகைக் கடைகளைப் பற்றி எழுதுகிறீர்கள். அவை வந்தபோது எங்கள் கடைத்தெருவில் இருந்த சின்ன இரும்புக்கடை செத்ததை யாரும் எழுதவில்லை. குஜராத்திக்காரர் ஒருவர் நடத்தினார். ஆணியைத் தராசில் நிறுத்து, பழுப்புக் காகிதப் பையில் போட்டு, மேலே பென்சிலால் அளவை எழுதித் தருவார். ஒரு திருகாணி கேட்டால் ஒன்றே தருவார். நீங்கள் சொன்ன பெரிய கடையில் ஒன்று வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த இருபதை வாங்க வேண்டும். மிச்சம் பத்தொன்பதும் இன்னும் என் கொட்டிலில் கிடக்கின்றன.

ஞாயிறு வியாபாரம்தான் முதல் அடி. 1994க்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான சாமான்களை விற்பது சட்டவிரோதம். பெரிய கடைகள் துணிந்து திறந்தன. பி அண்ட் கியூ மீது வேல்ஸில் டோர்ஃபெய்ன் உள்ளூராட்சி சபை வழக்குப் போட்டது, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1989இல் தீர்ப்பு வந்தது. ஞாயிறு விற்ற வழக்கு இன்று சட்டக் கல்லூரிப் பாடம். குஜராத்திக்காரர் சட்டத்துக்குப் பயந்து ஞாயிறு பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனார். எல்லோரும் வீட்டு வேலை செய்வது அந்த ஒரு நாளில்தான்.

பிறகு எனக்கு எஞ்சியது வில்கோ. நடந்து போகிற தூரம், ஒரு வாளியும் தும்புத்தடியும் நியாய விலைக்கு. 1930இல் லெஸ்டரில் தொடங்கிய கடை, 2023இல் 400 கிளைகளோடும் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊழியர்களோடும் விழுந்தது. பெயரை வாங்கியது த ரேஞ்ச் என்ற இன்னொரு கடை நிறுவனம். ஹோம்பேஸ் 2024 நவம்பரில் விழுந்தபோதும் பெயரையும் 70 கடைகள் வரையும் வாங்கியது அதே ஆட்கள்தான். இறந்தவர்களின் பெயர்ப் பலகையைச் சேர்க்கிறார்கள் போலும்.

இன்னொரு கதை, கடையின் பெயர் வேண்டாம். மகள் பிறந்தநாளுக்கு 50 பவுண்டுப் பரிசுச் சீட்டுக் கொடுத்திருந்தாள். நல்ல சாமான் வாங்கலாம் என்று அலுமாரியில் பத்திரமாக வைத்தேன். கடை நொடித்த பிறகு கொண்டு போனால், இனி சீட்டு எடுப்பதில்லை என்று வாசலில் தாள் ஒட்டியிருந்தது. அந்தச் சீட்டை இப்போது புத்தக அடையாளமாக வைத்திருக்கிறேன்.

ஹாரோ வாசி:

பெரியவரே, சரியான இடத்தில் அடித்தீர்கள். என்னுடைய டெக்சாஸ் யாருடைய கடையைக் கொன்றது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. குழாய்க்காரத் தம்பி சொன்னதும் சரி. நானும் கடைசி மூன்று வருடமாக ஹோம்பேஸுக்குச் சும்மா பார்க்கத்தான் போனேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தொலைபேசியில் மலிவாக வாங்கினேன்.

மூடும் விற்பனையின் கடைசி நாட்களில் ஒருமுறை போனேன். சாமான் தீர்ந்து, சாமான் வைத்த இரும்புத் தட்டுகளிலேயே விலை ஒட்டியிருந்தார்கள். செடிப் பகுதியில் பெயர்ச்சீட்டு இல்லாத நான்கு சட்டிகள். பிளக் வரிசையில் கொக்கிகள் மட்டும். ஒரு கொக்கியில் சிவப்புப் பிளக் பை ஒன்று கிழிந்து தொங்கியது. பழுப்பு இல்லை. காசு வாங்கிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். இனி எங்கே வேலை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

வாடகை வீட்டுத் தங்கச்சிக்கு: ஒட்டுவதற்கு முன்பு சுவரை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு ஒரு நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். தொங்கவிட ஒரு மணி நேரம் பொறுங்கள்.

வாடகை வீட்டுப் பெண்:

நன்றி அங்கிள். இன்னொன்று. குளியல் தொட்டிக் குழாய் சொட்டுகிறது. வீட்டுக்காரர் மூன்று வாரமாகப் பதில் இல்லை. அதை நான் தொடலாமா?

குழாய்க்காரன்:

வாஷர்தான், குழாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையம். குளியல் தொட்டிக்கு முக்கால் அங்குலம், முகம் கழுவும் தொட்டிக்கு அரை. முதலில் தண்ணீரை அடைக்க வேண்டும். ஸ்டாப்காக் பெரும்பாலும் குசினித் தொட்டியின் கீழே இருக்கும். எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்?

வாடகை வீட்டுப் பெண்:

வெம்ப்ளி.

ஹாரோ வாசி:

என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, முக்கால் அங்குலமும் உண்டு. ஞாயிறு காலை நானும் மனைவியும் அந்தப் பக்கம் கோயிலுக்கு வருகிறோம். ஸ்பானரும் கொண்டு வருகிறேன். திருப்புவது நீங்கள்தான், நான் பக்கத்தில் நிற்பேன்.